கழுத்து பதினேழு, கை பதினொன்று

ஜனவரி 9

அன்புடையீர்,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் கடிதம். என் பழைய போட்டோக்கள் சில வேண்டும். கல்யாண ஆல்பமும் அதற்குப் பிறகு எடுத்தவையும் உன்னிடம் இருக்கின்றன. வருடத்துக்கு ஒன்று வீதம் ஐந்தாறு போதும். முகம் நேராகத் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேட்பது நானல்ல, டாக்டர். போன மாதம் ஒரு மளிகைக் கடைத் தராசைச் சரிபார்க்கப் போனபோது இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கினேன். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது. பதினாறு வருடமாக நான் தினமும் தூக்குகிற கல் அது. எக்ஸ்ரே பார்த்தவர் சட்டையைக் கழற்றச் சொன்னார், வயிற்றைப் பார்த்தார், ஹார்மோன் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாதான் போட்டோ கேட்கிறார்.

நாம் சேர்ந்து போட்ட விவாகரத்து மனு ஜூலை பதினைந்தாம் தேதி கடைசியாக வருகிறது. இருவரும் போய்ச் சம்மதம் சொன்னால் முடிந்துவிடும். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இப்படிக்கு,
(கையெழுத்து)


ஜனவரி 17

தராசுக்காரருக்கு,

அன்புடையீர் என்று ஆரம்பிக்க நான் என்ன பேங்க் மேனேஜரா? எட்டு வருடத்துக்கு முன் தாலி கட்டிய பெண்டாட்டி. இன்னும் ஆறு மாதத்துக்காவது.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "வருஷத்துக்கு ஒரு போட்டோவா? கல்யாண புரோக்கர் கேட்டிருப்பான்டி. முகம் நேரா தெரியணுமாம்!" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு விலா எலும்பு என்று படித்ததும் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களிடம் போட்டோ இல்லை, ஐயா. கல்யாண ஆல்பம் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு கேமராவைக் கண்டாலே "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று பின்னால் போய்விடுவீர்கள். அக்கா வீட்டு விசேஷத்தில் எடுத்த ஒன்றில் உங்கள் முழங்கை மட்டும் இருக்கிறது. டாக்டருக்கு அது உதவுமா என்று கேளுங்கள்.

நான் கிளம்பி வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வந்த அன்று நீங்கள் சொன்ன வாக்கியம் இன்னும் காதிலேயே நிற்கிறது. "உன்னைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணல." கத்தவில்லை, கோபப்படவில்லை, எடை எவ்வளவு என்று சொல்வதைப்போலச் சொன்னீர்கள். இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர் கடைசியில் திரும்பிப் பார்த்துச் சொன்னது அது. அதனால் என்னிடம் உடம்பு சரியில்லை என்று எழுதும்போது கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். என்ன வியாதி?

வயிற்றில் என்ன பார்த்தார் அந்த டாக்டர்?


ஜனவரி 26

வணக்கம்.

ஆல்பம் கிடைத்தது. முழங்கையை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

வயிற்றில் ஊதா நிறத்தில் கோடுகள் இருக்கின்றன, விரல் அகலத்துக்கு. தோல் மெல்லிதாகிவிட்டது, லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. முகம் வட்டமாகிவிட்டது. பிடரிக்குக் கீழே சதை போட்டிருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருக்கின்றன. உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை.

உடம்பில் கார்ட்டிசோல் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறதாம். ஆபத்து வந்தால் உடம்பை முடுக்கிவிடுவது. எனக்கு அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு சுரக்கிறது என்று சந்தேகம். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "எண்ணெய் எங்க சார் வாங்கினீங்க?" என்று கேட்டார். பிறகு ஒரு மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்த மாத்திரைக்கு கார்ட்டிசோல் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

இன்னொரு விஷயம் உன்னையும் சேர்ந்தது என்பதால் எழுதுகிறேன். ஆண் ஹார்மோன் குறைந்தபட்சம் முன்னூறு இருக்க வேண்டிய இடத்தில் எனக்குத் தொண்ணூற்றாறு. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேக்டரி நல்லாத்தான் இருக்கு. மேலேர்ந்து ஆர்டர்தான் வரல." மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. விரைகளுக்கு உத்தரவு போடுவது அதுதான். கார்ட்டிசோல் கூடினால் அது வாயை மூடிக்கொள்கிறதாம். ஆசை போய்விடும், குழந்தை உண்டாவது கடினம், தசை கரையும், எலும்பு பலவீனமாகும்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒரு வருடமாக என்றேன். அதுவரை என் சட்டைகள் அளவாகப் பொருந்தின, மனைவி போன பிறகு மெஸ் சாப்பாடு, அதிலிருந்துதான் இறுக்கம் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் எலும்பு எவ்வளவு போயிருக்கும், மேற்கொண்டு எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய உதவுமாம்.


பிப்ரவரி 6

தராசுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை, நான்கு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காரியத்தைச் செய்தேன். பீரோவிலிருந்து பழைய அளவு நோட்டை எடுத்தேன்.

"மனைவி போன பிறகு" என்று டாக்டரிடம் சொன்னீர்களே, அதைத் திருத்துங்கள். நான் போனதால் உங்களுக்கு இது வரவில்லை. இது வந்த பிறகுதான் நான் போனேன்.

கல்யாணமான புதிதில் உங்களுக்குக் கழுத்து பதினைந்து, மேல் கை பதின்மூன்று, இடுப்பு முப்பத்து நான்கு, தொடை இருபத்திரண்டு. ஐந்தரை வருடத்துக்கு முன் ஒரு நாள் சாம்பல் நிறச் சட்டையின் காலர் பட்டனைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் உங்கள் ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் உங்களை எல்லார் முன்பும் "பூசணி" என்று கூப்பிட்டு, நீங்கள் இரண்டு நாள் சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நீங்கள் குளிக்கப் போனதும் பட்டனைப் பிரித்து ஓரத்துக்கு நகர்த்தித் தைத்தேன். வெளியே வந்து போட்டுக்கொண்டு, "பாத்தியா, சரியாத்தான் இருக்கு" என்றீர்கள்.

அன்று ஆரம்பித்தது. துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும் சாக்கில் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலம் விடுவேன். பேண்ட்டில் பின் தையல். பட்டனை நகர்த்த இடமில்லாமல் போனதும், மீதித் துணியில் காலரையே மாற்றினேன். நீங்கள் தூங்கும்போது டேப்பை வைத்து அளப்பேன். தையல் தொழில் என்பதால் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்தேன். கைக்குப் பிரித்து விட வேண்டி வரவே இல்லை, பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. அது ஏன் என்று ஒரு முறையாவது யோசித்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. கடைசியாக அளந்தது: கழுத்து பதினேழு, கை பதினொன்று, இடுப்பு நாற்பத்தொன்றரை, தொடை பத்தொன்பது.

நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் சட்டைகள் உங்களிடம் நான்கு வருடம் பொய் சொன்னது என்னால்.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்த நான்கு வருடத்தில் மூன்று வருடம் குழந்தைக்காக என்னைத்தான் ஒவ்வொரு மேஜையிலும் படுக்க வைத்தார்கள். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. "உங்க வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் குடுக்கணும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். நீங்கள் ஒரு முறையும் வரவில்லை. ஒரே ஒரு டெஸ்ட். அதற்குப் போயிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். பட்டனை நகர்த்தியவள் நான். அந்த டெஸ்ட்டுக்குப் போகாதவர் நீங்கள்.


பிப்ரவரி 15

தையல்காரிக்கு,

பக்கங்களை டாக்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் படித்தார். "வெறும் சாப்பாட்டுல குண்டானா கையும் சேர்ந்து குண்டாகும் சார். உங்களுக்கு இடுப்பு ஏறுது, கை இறங்குது. உங்க வீட்டம்மா தேதி வேற போட்டிருக்காங்க" என்றார். ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொண்டார். நான் சொன்ன ஒரு வருடத்தை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதினார்.

மூளைக்கு அடியிலுள்ள அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர். புற்றுநோய் இல்லை. அதுதான் கார்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மார்ச் பத்தாம் தேதி மூக்கு வழியாக எடுக்கிறார்கள். உறவினர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஸ்டோர்கீப்பர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பூசணி என்றவர்தான். அவருக்கும் இப்போது கொஞ்சம் உறுத்துகிறது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகளை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருடத்தில் நான் ஒரு சட்டையையும் திருப்பிப் பார்த்ததில்லை. சாம்பல் சட்டையில் பழைய தையலின் ஊசித் துளைகள் நான்கு வரிசை இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

டெஸ்ட்டைப் பற்றி. விந்து பிடித்துக் கொடுக்க வேண்டிய சின்ன டப்பாவை ஆஸ்பத்திரியில் வாங்கி வந்தேன், உனக்குத் தெரியாது. என் கருவிப் பெட்டியில் எடைக்கற்களுக்கு அடியில் எட்டு மாதம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஊரெல்லாம் தராசுக்கு முத்திரை போடுகிறவன், என்னை நிறுத்துப் பார்க்கத் துணியவில்லை.

நீ குறித்த வாக்கியத்தைப் பற்றியும் எழுத வேண்டும். நான் சொன்னது பொய் இல்லை, எனக்கு எதுவுமே தோன்றவில்லை. காரணம் ஹார்மோன் என்று இப்போது தெரிகிறது. எங்கள் வேலையில் முதல் பாடம், தட்டில் எதையும் வைப்பதற்கு முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. என் முள்ளே சரியில்லை. நான் சரக்கைக் குறை சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 24

தராசுக்காரருக்கு,

சரக்கா? நல்லாயிருக்கு.

அக்காவுக்கு உங்கள் கடிதம் பிடித்துவிட்டது. "பாவம்டி, அவர் என்ன பண்ணுவார், வியாதி" என்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. தலை முதல் கால் வரை விளக்கம் இருக்கிறது, மன்னிப்பு ஒரு வரி இல்லை. ஆசையைக் கொண்டுபோனது கார்ட்டிசோல். சரி, ஒப்புக்கொள்கிறேன். "எனக்கு என்னமோ ஆகுது, பயமா இருக்கு" என்று சொல்ல விடாமல் தடுத்தது எந்த ஹார்மோன்? அதற்கு டாக்டரிடம் டெஸ்ட் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாளிலிருந்து நான் கண்ணாடியில் என்னையே ஒரு குறையாகப் பார்த்தேன். பதினைந்து மாதம். எனக்கு என்ன குறை என்று என் உடம்பை நானே அளந்து பார்த்திருக்கிறேன், தெரியுமா?

ஆபரேஷனுக்கு நான் வரமாட்டேன். ஸ்டோர்கீப்பரே போடட்டும். கடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் நூற்றிருபது இருக்கிறது. ஒரு சட்டைக்கு அரை நாள் என்றாலும் எனக்கு மூச்சு விட நேரமில்லை.

நல்லபடியாக நடக்க வேண்டும். அதை மனதாரச் சொல்கிறேன்.


மார்ச் 30

தையல்காரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மறுநாளே கார்ட்டிசோல் தரைக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் அளவுக்கு மீறி அது கிடைத்துப் பழகிய உடம்பு இப்போது அதைக் கேட்டு அழுகிறது. எல்லா மூட்டும் வலிக்கிறது, படியேறினால் தூக்கம் வருகிறது. உடம்பு தானாகச் சுரக்கும்வரை மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று சட்டைப் பையில் இந்த விவரம் எழுதிய அட்டையை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆண் ஹார்மோன் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம், ஒரு வருடம்கூட ஆகலாம், பலருக்கு வந்துவிடுகிறது, எல்லாருக்கும் அல்ல என்றார் டாக்டர். குழந்தை பற்றி உறுதி எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மூக்கில் பஞ்சோடு கண் விழித்தபோது ஸ்டோர்கீப்பர் நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டதற்கு நன்றி சொன்னேன். "நான் எங்க சார் போட்டேன்?" என்றார். நர்ஸ் படிவத்தைக் காட்டினார். உறவு என்ற இடத்தில் "மனைவி" என்று உன் எழுத்து. நீ இரண்டு நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்ததாகவும், என்னை வார்டுக்கு மாற்றியதும் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். ஒரு சட்டையை விட்டுப் போயிருந்தாய். தலை வழியாக மாட்டத் தேவையில்லாமல் முன்னால் திறக்கிற சட்டை, காலர் இல்லை, கழுத்து தளர்வு. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அதைத்தான் போட்டிருந்தேன்.

நீ வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எப்படிச் சுற்றி எழுதுவது என்று தெரியாததால் நேராக எழுதிவிட்டேன்.


ஏப்ரல் 11

தராசுக்காரருக்கு,

வந்தது நான் செய்த தப்புக்கு. நாலு வருடம் உங்கள் கண்ணைக் கட்டியவள் ஒரு கையெழுத்தாவது போட வேண்டாமா? அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள். ஜூலை தேதி அப்படியே இருக்கிறது.

மாத்திரையைத் தவற விடாதீர்கள். அந்த அட்டை பையில் இருக்கிறதா என்று காலையில் தொட்டுப் பாருங்கள். சட்டை மாற்றும்போதுதான் மறக்கும்.


ஜூலை 2

தையல்காரிக்கு,

முதலில் எண்கள். எடை பதினொரு கிலோ குறைந்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். முகம் பழைய இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. தெருமுனைக் காய்கறிக்காரர் என்னை அடையாளம் தெரியாமல் "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஆண் ஹார்மோன் முன்னூற்று நாற்பது. அந்த டப்பாவையும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். உயிரணு எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இருக்கிறது. ஆசையும் திரும்பியிருக்கிறது. போன வாரம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் உன்னைப்போலப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். உன் ஞாபகம் வந்தது. உடம்பிலும் வந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன். தேதிக்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். இதை வைத்து எதையும் கேட்பதற்காக இல்லை.

அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஹார்மோனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை உன் மேல் தள்ளினேன். குறை உன்னிடம் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்று எனக்கு அப்போதே தெரியும். நினைக்கட்டும் என்று விட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மோசமான காரியம் அது.

டெஸ்ட்டுக்குப் போகாததற்கும் சேர்த்துத்தான்.

பதினைந்தாம் தேதி நீ எதைச் சொல்கிறாயோ அதையே நானும் சொல்கிறேன். பழைய சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால் என்னை நானே அளந்து பார்த்தேன். உன் நோட்டில் அடுத்த வரி காலியாக இருக்குமே என்று எழுதுகிறேன்: கழுத்து பதினைந்தரை, கை பதினாறு, இடுப்பு முப்பத்தேழு, தொடை முப்பது.


ஜூலை 8

தராசுக்காரருக்கு,

கை பதினாறு, தொடை முப்பதா? குத்துச்சண்டைக்காரரா நீங்கள்? சட்டைக்கு மேலேயும் பேண்ட்டுக்கு மேலேயும் டேப்பைச் சுற்றியிருக்கிறீர்கள், அதையும் தொளதொளவென்று. பதினாறு வருடம் ஊரான் தராசில் கிராம் கணக்குப் பார்த்த மனிதருக்கு ஒரு டேப் பிடிக்கத் தெரியவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மன்னிப்புக் கேட்ட பத்தியை மறுபடி படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மன்னிப்பு வந்து சேர்ந்தது. ரொம்பத் தாமதமாக, ஆனால் பூசி மெழுகாமல் வந்தது. எனக்கு ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆறவில்லை. முன்னூற்று நாற்பது என்ற எண்ணுக்காகவும் நான் எதையும் மாற்றவில்லை. அது நாளை இறங்கினாலும் இறங்கும். "எனக்குப் பயமா இருந்தது" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான்.

நோட்டில் உங்கள் எண்களை எழுதவில்லை, வரி காலியாகவே இருக்கிறது. பதினைந்தாம் தேதி கோர்ட்டுக்கு டேப்பைக் கொண்டுவருகிறேன். வராந்தாவில் வைத்து அளக்கிறேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும். இந்த முறை திருட்டுத்தனமாக ஒரு பட்டனும் நகராது. ஒவ்வொரு எண்ணையும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். உங்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பதையும் அப்படியே சொல்ல வேண்டும்.

வக்கீலிடம் வாய்தா கேட்கச் சொல்லியிருக்கிறேன். என்ன காரணம் சொல்வது என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை தைக்க வேண்டியிருக்கிறது, மூன்று மாதம் ஆகும் என்றேன்.